மூன்று ரசாயனங்களும் ஒரு முதியவரும்

சிப் சண்டை என்றதும் அமெரிக்காவும் சீனாவும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 2019-ல் ஜப்பானும் தென் கொரியாவும் போட்டுக்கொண்ட சண்டை அதைவிட விநோதமானது.

அது தொடங்கிய இடம் கோர்ட். இரண்டாம் உலகப் போரின்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அப்போது ஜப்பானிய இரும்பு ஆலையில் கட்டாய வேலை பார்த்த நான்கு கொரியர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். ஆளுக்கு 10 கோடி வோன் கொடுக்கச் சொல்லி 2018 அக்டோபரில் தென் கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். வயது 94. ஜப்பானோ, 1965 ஒப்பந்தத்தோடு அந்தக் கணக்கெல்லாம் முடிந்துவிட்டது என்றது.

அடுத்த ஜூலையில், தென் கொரியாவுக்குப் போகும் மூன்று ரசாயனங்களுக்கு ஜப்பான் கடிவாளம் போட்டது. ஒன்று, மொபைல் திரைக்கான ஃப்ளோரினேட்டட் பாலிஇமைடு. அடுத்தது, சிலிக்கான் தகட்டில் பூசும் ஃபோட்டோரெசிஸ்ட். ஒளி பட்டால் மாறுகிற இந்தப் பூச்சில்தான் சிப்பின் கோலம் பதியும். மூன்றாவது, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு. பதிந்த கோலத்தின்படி தகட்டை அரித்தெடுப்பது இதன் வேலை. 99-க்குப் பிறகு புள்ளி வைத்து ஒன்பதாகப் போட்டுக்கொண்டே போகிற அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பக்குவம் ஜப்பானியர்களுக்குக் கைவந்த கலை.

தடை என்று ஜப்பான் சொல்லவில்லை. சரக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதானாம்! பழிவாங்கல் இல்லை, பாதுகாப்புக்காகத்தான் என்றும் விளக்கம் சொன்னது. எத்தனை பேர் நம்பினார்களோ! சாம்சங்கின் லீ ஜே-யோங் ஒரே வாரத்துக்குள் டோக்கியோவுக்கு விமானம் ஏறினார்.

கொரிய மக்கள் ஜப்பானியப் பொருட்களைப் புறக்கணித்தார்கள். பீர்கூட விற்கவில்லை. கொரிய நிறுவனங்கள் உள்ளூரிலேயே ஹைட்ரஜன் ஃப்ளோரைடு தயாரிப்பதில் மும்முரமாயின. பல வருடங்கள் பாடுபட்டுப் பிடித்த வாடிக்கையாளரை, ஜப்பானிய ரசாயனக் கம்பெனிகள் தங்கள் அரசின் கோபத்தால் இழக்க நேர்ந்தது. என்னைக் கேட்டால், இதில் அதிகம் அடிபட்டது அவர்கள்தான்.

2023 மார்ச்சில் தென் கொரியாவே இறங்கி வந்தது. நஷ்டஈட்டை ஜப்பானியக் கம்பெனி தர வேண்டாம், கொரிய அறக்கட்டளை ஒன்றே கொடுத்துவிடும் என்று அறிவித்தது. அதே மாதம் ஜப்பானும் கடிவாளத்தை எடுத்தது. சாம்சங்குக்குச் சரக்கு தடையில்லாமல் வர வழி பிறந்தது. அந்த முதியவர் மட்டும், வேறு யாரோ தரும் அந்தப் பணம் எனக்கு வேண்டாம் என்று அப்போது மறுத்துவிட்டார்.