அச்சமும் நகையும்

பேய்ப் படம் பார்த்துச் சிரிக்கும் இளைஞரைக் கண்டு மனம் நொந்துகொள்ளும் பெரியவர்கள் மாவனல்லைக் கடைத்தெருவிலும் இருக்கிறார்கள். மலைமேல் தோட்டத்து லயங்களிலும் இருக்கிறார்கள். பிணத்தை வைத்து வேடிக்கை, கொலையை வைத்துக் கேலி, ஆவியைக் கண்டு அலறிய மறுகணமே குபீரென்ற சிரிப்பு. இவையெல்லாம் மேனாட்டிலிருந்து வந்து தொற்றிய நோய் என்பது அவர்கள் துணிபு. அத்துணிபை என்னால் ஏற்க இயலவில்லை.

நம் முன்னோர் இச்சுவையை நன்கறிவர். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் நகையும் ஒன்று, அச்சமும் ஒன்று. இவ்விரண்டையும் ஒரே பானையிலிட்டுச் சமைத்தவர் செயங்கொண்டார். 12 ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய கலிங்கத்துப் பரணியிலே, பிணங்கள் குவிந்த போர்க்களத்தில் பசித்த பேய்கள் கூடிக் கூழ் அடுகின்றன. பந்தி வைத்துப் பரிமாறுகின்றன. படிப்பவர் உடல் நடுங்குகிறது; உதடோ சிரிக்கிறது. இன்றைய திரைப்படம் செய்ய முயல்வதும் இதுவேயன்றி வேறில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. தென்னிலங்கைச் சிங்கள மக்கள் நோய் தீர்க்க நடத்தும் சன்னிச் சடங்கில், பதினெட்டு நோய்களுக்கும் பதினெட்டுப் பேய்கள் முகமூடி தரித்து வருகின்றன. வரும்போது அச்சுறுத்தும் பேய், மேளகாரரோடு பேச்சுக் கொடுத்து அசடு வழிகிறது. கூடியிருப்போர் நகைக்கின்றனர், நோயாளியும் நகைக்கிறான். எந்தப் பேயைக் கண்டு சிரிக்க முடிகிறதோ, அந்தப் பேய்க்கு அதன்பின் நம்மீது ஆட்சியில்லை. சிரிப்பே அங்கு மருந்து.

இம்மருந்து திரைக்கு வந்த வகையைச் சற்றுப் பார்ப்போம். 1964 இல் வெளிவந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தில், நாகேஷ் ஒரு பேய்க்கதை சொல்ல, பாலையா நடுங்குவதைத் தமிழுலகம் இன்றும் மறக்கவில்லை. அங்கே பேயே இல்லை. ஒரு குரலும் ஒரு முகமுமே உண்டு. அதே 1964 இல் ஸ்டான்லி குப்ரிக், அணுகுண்டால் உலகம் அழிவதையே நகைச்சுவைப் படமாக்கினார். அதற்கு மூலமான பீற்றர் ஜோர்ஜின் நாவல் சிரிப்புக்கு இடங்கொடாத நூல். கியூப நெருக்கடி நடந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. அழுது தீராத அச்சத்தைச் சிரித்தே தீர்க்க வேண்டுமென அக்கலைஞர் கண்டார் போலும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2011 இல் வந்த 'காஞ்சனா'வில், இருட்டைக் கண்டால் தாயின் பின்னே ஒளியும் ஒரு வளர்ந்த ஆண்மகன் நம்மைச் சிரிக்க வைக்கிறான். பின்னர் அவனுடலில் புகுந்த ஆவியின் கதை அவிழ்கிறது. அவள் பெற்றோரால் துரத்தப்பட்ட திருநங்கை, ஓர் இஸ்லாமியப் பெரியவரின் இல்லத்தில் அடைக்கலம் பெற்றவள், நிலத்துக்காகக் கொல்லப்பட்டவள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அங்கே அமைதியாகிறது. அதே ஆண்டில் வந்த 'ஆரண்ய காண்டம்' அரங்குகளில் நிலைக்கவில்லை; எனினும் ஒரு சிறு கூட்டத்தார் அதை விடாது போற்றிப் போற்றியே வாழவைத்தனர். ஊரையே நடுங்கவைக்கும் கிழட்டுத் தலைவன் ஒருவனின் இயலாமையைப் பார்த்து நகைக்கத் துணிந்த படம் அது.

ஆகவே சிரிக்கலாமா என்பது கேள்வியன்று. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதே கேள்வி. அச்சத்துக்குக் காரணமானவை எவை எனக் கூறுமிடத்துத் தொல்காப்பியர், அணங்கையும் விலங்கையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கள்வரையும், தம்மை ஆளும் இறைவனையும் சேர்த்தார். எத்துணைக் கூர்மை! எங்கள் ஊருக்கு மேலே நிற்கும் உத்துவான்கந்தையில் பதுங்கியிருந்து, 1864 இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட சரதியேலின் கதையை இன்றும் எம்மவர் பாதி அச்சமும் பாதிக் குதூகலமுமாகவே சொல்கின்றனர். பிரட்டுக் களத்தில் துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சி நின்ற தோட்டத்து மக்கள், இரவில் லயத்துக் காம்பராவில் அவர்களைப் போல் நடித்துக் காட்டிச் சிரித்ததும் இதே வழியில்தான். வலியோனைச் சிறிதாக்கிக் காட்டும் சிரிப்பு எளியோனின் உடைமை.

இதற்கு மாறாக, கரிய நிறத்தையும், பருத்த உடலையும், முதியவளின் தள்ளாமையையும், திருநங்கையின் நடையையும் காட்டிச் சிரிப்புப் பிச்சை கேட்கும் பேய்ப் படங்கள் பல. அவற்றை நான் வெறுக்கிறேன். பரணியிலும் குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் நகைப்புக்கு ஆளாகின்றன. பழமை என்பதற்காக அது குற்றமில்லையென்று ஆகிவிடாது.

இன்னுமொன்று. மாவனல்லை அச்சத்தைத் திரையில் மட்டும் கண்ட ஊரன்று. 2001 மே மாதத்தில் இங்கு முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. 2016 மே 17 ஆம் நாள், அயலிலுள்ள அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அடைமழை பெய்தால் உறங்காது விழித்திருக்கும் லயங்கள் இன்றும் உள்ளன. இத்தகைய மக்கள் காசு கொடுத்து அச்சத்தை வாங்குவானேன்? திரையில் வரும் அச்சத்துக்கு முடிவுண்டு, பக்கத்தில் துணையுண்டு, விளக்கு மீண்டும் எரியும். வாழ்வில் வரும் அச்சத்துக்கு இவற்றில் ஒன்றேனும் உறுதியில்லை. முடிவுள்ள அச்சத்தில் பழகிய நெஞ்சம், முடிவு தெரியாத அச்சத்தின் முன்னும் சிறிது தெம்போடு நிற்கும் என்பதே என் எண்ணம். ஆனால் அந்த நாட்களை வைத்துச் சிரிக்கும் உரிமை, அவற்றை அனுபவித்தவர்க்கே முதலில் உண்டு. எட்ட நின்றவர் அதை நகைப்பொருளாக்கினால் அது கலையன்று, கொடுமை.

பெரியோர்களே, பிள்ளைகளின் படத்தை நிறுத்தாதீர்கள். அருகிலமர்ந்து சேர்ந்து பாருங்கள். முடிந்ததும், "யாரைப் பார்த்துச் சிரித்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். அக்கேள்விக்கு நாணாமல் விடை சொல்லத்தக்க படங்களே நிலைபெறட்டும். நம் மலைகளின் அச்சங்களையும் நம்மவரே அவ்வாறு எழுதி, நடித்து, நகைக்கக் காட்டும் காலம் விரைவில் வரட்டும்.