அருள் தங்கும் மனம்

திருப்பத்தூரானாலும் சரி, காரைக்குடியானாலும் சரி, கத்தோலிக்க ஆலயத்தில் ஞாயிறு பூசை காண்பவர்களுக்கு அந்த ஒழுங்கு மனப்பாடம். நற்கருணை வாங்குவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து இயேசு கற்றுத்தந்த செபத்தைச் சொல்வார்கள். அந்தச் செபத்தில் மன்னிப்புக் கேட்பதும் மன்னிப்புக் கொடுப்பதும் ஒட்டியே இருக்கும். அடுத்து, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்வார்கள். அதன் பிறகுதான் நற்கருணை.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. கடவுளுக்குத் தரவேண்டியதுகூடக் கொஞ்சம் காத்திருக்கலாம். சகோதரன் காத்திருக்கக் கூடாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரே ஆலயத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். பாகப்பிரிவினையில் ஏற்பட்ட வருத்தமாக இருக்கும். வரப்புத் தகராறாக இருக்கும். கல்யாணத்துக்கு முறைப்படி அழைக்கவில்லை என்ற கோபமாக இருக்கும். அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு இவர் போவதில்லை, இந்த வீட்டுக்கு அவர் வருவதில்லை. பிள்ளைகளுக்குச் சண்டையின் காரணமே தெரியாது. ஆனாலும் அவர்களும் பேசிக்கொள்வதில்லை. சொத்தோடு சேர்த்துப் பகையையும் எழுதி வைத்துவிட்டுப் போகிறோம்.

எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா என்று பேதுரு கேட்டார். எண்ணிக்கையே வைக்காதே என்னும் பொருளில் இயேசு பதில் தந்தார். தொடர்ந்து ஒரு கதையும் சொன்னார். அரசனிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாளன் ஒருவன். அரசன் மனமிரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்த பணியாளன், தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்ட உடன்பணியாளனைக் கழுத்தைப் பிடித்து நெரித்துச் சிறையில் போட்டான்.

தெனாரியம் என்பது அன்றைய ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அப்படியானால் பணியாளன் பட்ட கடன் ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க இரண்டு லட்சம் ஆண்டுகள் ஆகும். அவனுக்கு வரவேண்டியதோ நூறு நாள் கூலி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறு நாள் கூலியும் சின்னத் தொகை அல்ல. ஓர் ஏழைக் குடும்பத்தின் மூன்று மாதச் சோறு அது. உனக்கு நேர்ந்த காயம் ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. காயம் உண்மைதான்; ஆனால் நீ பெற்றுக்கொண்டதையும் மறக்காதே என்கிறார்.

அப்படியென்றால், மன்னிப்பு என்பது அருளுக்கு நாம் கொடுக்கும் விலையா? இல்லை. கதையில் தள்ளுபடிதான் முதலில் வருகிறது. பணியாளன் அதைச் சம்பாதிக்கவில்லை. அருள் இலவசம் என்பதில் இன்று கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஒத்துப்போகிறார்கள். சுமார் 480 ஆண்டுகள் வாதாடிய பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருதரப்பும் அதை ஏற்று ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அருள் மழை போல. கண்மாய்க்குத் தண்ணீர் வருவது மழையால்தான். ஆனால் வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடந்தால், எவ்வளவு மழை பெய்தாலும் கண்மாய் நிறையாது. பகை என்பது அந்தத் தூர். மன்னிப்பு அதை வாரி எடுக்கும் வேலை.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பத்தூரிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை தாண்டிப் போனால் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் வரும். சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்த திருத்தலம். புனித ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். யோவான் என்ற பெயருக்குக் கடவுள் அருள் மிகுந்தவர் என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் அதை அருளப்பர் என்றார்கள். பிரிட்டோவுக்கு அருளானந்தர் என்ற பெயர் அமைந்தது.

லிஸ்பன் நகரத்துப் பிரபு குடும்பத்தில் 1647-ல் பிறந்தவர் அவர். 1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற தடையோடு விடுவிக்கப்பட்டார். பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். போர்ச்சுகல் அரசரே அவரைத் தங்கிவிடச் சொன்னார். சகல வசதியும் அங்கே இருந்தது. அவரோ 1690-ல் திரும்பி வந்தார், தன்னை அடித்த அதே மண்ணுக்கு. அவருடைய மரணத்தைப் பேசும் அளவுக்கு இந்தத் திரும்பி வருதலை நாம் பேசுவதில்லை. வஞ்சம் வைத்த மனம் திரும்பி வராது. இன்று ஓரியூர் செம்மண்ணை எல்லாச் சமயத்தாரும் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள்.

அது புனிதர்களால் முடியும், நம்மால் முடியுமா என்று கேட்கலாம். நம் காலத்துக் குடும்பம் ஒன்று பதில் சொல்கிறது. கேரளத்தின் புல்லுவழியைச் சேர்ந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்து உதய்நகரில் ஏழைப் பழங்குடி மக்கள் கந்துவட்டியிலிருந்து மீள உழைத்தவர். அதனால் பகை சம்பாதித்தார். 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போகும் பஸ்ஸில் சமுந்தர் சிங் என்ற இளைஞரால் குத்திக் கொல்லப்பட்டார். உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2002 ஆகஸ்டில், ராணி மரியாவின் தங்கையான அருட்சகோதரி செல்மி பால் சிறைக்குப் போனார். அக்காவைக் கொன்ற கையில் ராக்கி கட்டி, அவரைச் சகோதரனாக ஏற்றார். பின்னர் தாயும் அவரைச் சந்தித்து, மகளின் ரத்தம் பட்ட அந்தக் கைகளை முத்தமிட்டார். குடும்பமே அவருடைய விடுதலைக்காக வேண்டிக்கொண்டது. 2006-ல் வெளியே வந்த சமுந்தர் சிங், ராணி மரியாவின் கல்லறைக்குப் போய் வணங்குபவராக மாறினார். 2017 நவம்பர் 4 அன்று ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

இந்தக் குடும்பத்திடம் கற்க இரண்டு உண்டு. ஒன்று, அவர்கள் குற்றத்தை மறைக்கவில்லை. சட்டம் தன் வேலையைச் செய்தது. 11 ஆண்டுகள் சிறையிலேயே கழிந்தன. மன்னிப்பு என்பது அநியாயத்துக்குத் துணைபோவது அல்ல. அடிக்கும் கணவனிடம் மறுபடி போய் அடிவாங்கு என்று எந்தப் பெண்ணுக்கும் மன்னிப்பின் பெயரால் சொல்லக் கூடாது. விலகி நின்றும் மன்னிக்கலாம். புகார் கொடுத்துவிட்டும் வெறுக்காமல் இருக்கலாம்.

இரண்டு, அவசரம் இல்லை. கொலைக்கும் ராக்கிக்கும் இடையே ஏழு ஆண்டுகள். இன்றைக்கே முடியவில்லையே என்று தன்னையே நொந்துகொள்ள வேண்டாம். காயப்படுத்தியவரின் பெயரைத் தினசரி செபத்தில் ஒருமுறை சொல்ல முடிந்தால், அதுவே தொடக்கம். அடுத்த மாதம் அவர் வீட்டு விசேஷத்தில் தலைகாட்ட முடிந்தால், பாதித் தூரம் கடந்தாயிற்று. பெரும்பாலும் முதல் வார்த்தைதான் கனமானது. ‘நல்லா இருக்கீங்களா அண்ணே’ என்ற ஒரு கேள்வி, இருபது ஆண்டு மௌனத்தை உடைத்துவிடும்.

வருகிற ஞாயிறு சமாதானம் சொல்லும் நேரத்தில் வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தை விட்டு, பார்க்காமல் தவிர்க்கிற பக்கம் ஒருமுறை திரும்பிக் கைகூப்பினால் போதும்.