சாலை யாருக்குப் பொது?

தை அறுவடை பாதி முடிந்திருந்த நேரம். நாங்கள் கணவனும் மனைவியுமாக மதுரையிலிருந்து பைக்கில் கிளம்பினோம். நால்வழிச்சாலை வேண்டாம், ஊர்களுக்குள் போகும் சாலையிலேயே போவோம் என்பது மட்டும்தான் திட்டம். மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதி, புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கடைசியில் கீழ்வெண்மணி. போவதற்கு மட்டும் சுமார் 300 கிலோமீட்டர்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்: “எங்க இவ்வளவு காலையில? யாருக்கும் முடியலையா?” சும்மா ஊர் பார்க்கப் போகிறோம் என்றோம். அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் பயணம் என்றால் கரும்பு வெட்ட, செங்கல் சூளைக்கு, பெரியாஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, சாவு வீட்டுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வத்துக்கு. கண்ணால் பார்த்துச் சந்தோஷப்படுவதற்காக மட்டும் ஒரு ஊருக்குப் போவது எங்கள் பெற்றோர் அறியாதது. எங்களுக்கும் அதுதான் முதல் முறை.

பார்த்தோம். பார்க்க நிறைய இருந்தது. மேலூரைத் தாண்டியதும் பாதிச் சாலையை அடைத்துக் காயப்போட்டிருந்த நெல், அதைக் காலால் தள்ளிவிட்டபடி நடந்த பெண்கள், சிங்கம்புணரிப் பக்கம் புளியமர நிழல், புதுக்கோட்டைச் சீமையின் தைலமரக் காடுகள், தண்ணீர் நிற்கும் கண்மாய்களில் நாரைகள். பட்டுக்கோட்டையை நெருங்கும்போது தென்னந்தோப்புகள். 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களுக்குப் பதில் நட்ட கன்றுகள் பல தோப்புகளில் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. மன்னார்குடிக்குப் பிறகு இரு பக்கமும் அறுத்த வயலும் அறுக்காத வயலும் மாறி மாறி வந்தன. இவ்வளவு அழகான நாட்டிலா இத்தனை நாள் வீட்டுக்கும் வேலைக்குமாக இருந்தோம் என்று தோன்றியது உண்மை.

ஆனால் இந்தப் பத்தியை அதற்காக மட்டும் எழுதவில்லை.

முதல் நாள் மதியத்துக்கு மேல் ஒரு சின்ன ஊரின் டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். டீ கையில் வருவதற்குள் பெஞ்சில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். “எங்கிருந்து வாரீக?” மதுரை என்றோம். “மதுரையில எங்க?” டவுனுக்குள்ளதாண்ணே என்றோம். “டவுனுக்கு எல்லாரும் பொழைக்க வந்தவுகதான. அப்பாரு ஊரு எது?” சொன்னோம். “அந்த ஊருல எந்தத் தெரு?”

அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. போன் வந்ததுபோல் எழுந்துகொண்டோம்.

அப்போதுதான் கவனித்தோம். எங்கள் கையில் கண்ணாடி டம்ளர். பெஞ்சில் இருந்தவர்கள் கையிலும் கண்ணாடி டம்ளர். கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் குத்தவைத்திருந்த ஒரு பெரியவர் கையில் மட்டும் பேப்பர் கப். அவர் கேட்காமலேயே அது அவருக்குப் போயிருந்தது. குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டார். காசைக் கல்லாப் பெட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தார். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். ஒழியவில்லை. ஒரு குவளை காகிதத்தில் வருகிறது. கேட்டால் ‘சுகாதாரம்’ என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பெரியவர் எங்கள் மாமாவாக இருந்திருக்கலாம். நாங்கள் யார் என்று தெரியாததால் எங்களுக்குக் கண்ணாடி டம்ளர் கிடைத்தது. அதில் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைக் கிளப்பினோம். அடுத்த பத்து கிலோமீட்டர் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

‘ஊர் கேட்பது கிராமத்துப் பழக்கம், அது பாசம்தானே’ என்று சிலர் சொல்வார்கள். ஊர் கேட்பது பாசம்தான். வெயிலில் வந்தவரிடம் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காத ஊர் என்ன ஊர்? ஆனால் ஊருக்குப் பிறகு தெரு, தெருவுக்குப் பிறகு வகையறா என்று போகும்போது அது விசாரிப்பு அல்ல. எந்தக் குவளையில் கொடுப்பது என்பதற்கான சோதனை.

பைக்கில் போகும் ஒரு ஜோடிக்கு இதில் இன்னொரு பயமும் உண்டு. “ரெண்டு பேரும் ஒரே ஆளுகளா?” என்று ஓர் இடத்தில் எங்களைச் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நாங்கள் ஒரே சாதிதான். இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்திருக்கும்? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதும் ஒரு சாலையில்தான். சாதி மீறி மணந்த பிள்ளைகளுக்கு எந்தச் சாலையும் சும்மா போய்வரும் சாலை அல்ல.

சாலைக்கும் நமக்குமான வழக்கு இன்று நேற்றையது அல்ல. 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதியார் நடப்பதற்கும் தடை கூடாது. பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடங்களும் எல்லோருக்கும் பொது என்பது அதன் சாரம். அரசாங்கமும் அதை ஏற்று ஆணையிட்டது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்ததும் அதே ஆண்டில்தான். நூறு ஆண்டு தாண்டிவிட்டது.

சுற்றிப் பார்க்கப் போனதற்காக அவமானப்பட்டவர்கள் வரிசையில் அண்ணல் அம்பேத்கரும் இருக்கிறார். 1934இல் சுமார் 30 தோழர்களுடன் எல்லோராக் குகைகளைப் பார்க்கக் கிளம்பியவர், வழியில் தௌலதாபாத் கோட்டையில் நின்றார். புழுதி போக அங்கிருந்த குளத்தில் கை, கால், முகம் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, காவலாள் ஒருவன் கூடவர, கோட்டையைப் பார்த்துத் திரும்பினார்கள். வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் வாங்கி, வட்டமேசை மாநாட்டில் பேசிவிட்டு வந்தவருக்கு நடந்தது இது.

மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம். அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே பொதுவாக்குகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது அதில் ஒரு வரி சேர்ந்தது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்பு அணிவதையோ, புதுத்துணி உடுத்துவதையோ தடுத்தால் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. மோட்டார் சைக்கிள் என்ற சொல் அந்தச் சட்டத்துக்குள் ஏன் வந்தது? ஓட்டியவனை இறக்கி உருட்டிக்கொண்டு போகச் சொன்ன ஊர்கள் இருப்பதால் வந்தது.

எங்கள் வழியில் அழகான இடங்களும் இரத்தம் சிந்திய இடங்களும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. மேலூரிலிருந்து சிறிது தூரத்தில் மேலவளவு. தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவரான முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நினைவிடத்தில் சிறிது நேரம் நின்றோம். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வேங்கைவயலும் அதே மாவட்டம்தான். 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி கேட்டுப் போன அதிகாரிகள், அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும், கோயிலுக்குள் நம் மக்கள் போக முடியாமல் இருப்பதையும் கண்டார்கள். மாவட்ட ஆட்சியர் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். டீக்கடைக்காரர் மீது வழக்குப் பதிவானது. அதிகாரி நேரில் போனால் ஒரே நாளில் கண்ணில் பட்டுவிடுகிற கொடுமை, போகாதவரை இல்லாததாகவே இருக்கிறது.

மூன்றாம் நாள் தேவூர் வழியாகக் கீழ்வெண்மணி போய்ச் சேர்ந்தோம். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேரை எரித்த ஊர். சுற்றிலும் முற்றிய கதிர். அங்கே ஒரு அம்மா மோர் கொடுத்தார், சொம்பில். அவர் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. “சாப்பிட்டீங்களா?” என்றுதான் கேட்டார். வரும் வழியில் இன்னொரு டீக்கடையிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை; எல்லோரும் ஒரே பெஞ்சு, ஒரே டம்ளர். அதையும் சொல்லத்தான் வேண்டும். முடியாது என்று சொல்வது பொய். முடிகிற இடங்கள் இருக்கின்றன.

பல ஊர்களில் ஒன்றைக் கண்டோம். தார்ச்சாலை ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் சரளைக்கல். பலகையில் ‘காலனி’ என்று ஒரு அம்புக்குறி. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது. பலகை மட்டும் இன்னும் நிற்கிறது. பேருந்து ஊரில் நிற்கிறது. நம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து நடக்கிறார்கள்.

திரும்பும்போது அதே டீக்கடையில் நிறுத்தினோம். இந்த முறை நாங்களே சொன்னோம்: “எங்களுக்கும் பேப்பர் கப்பிலேயே குடுங்கண்ணே.” எதுக்கு என்றார் கடைக்காரர். “அன்னைக்கு மரத்தடியில உக்காந்திருந்த பெரியவருக்கு அதுலதான குடுத்தீங்க. நாங்களும் அந்தத் தெருதான்.” அவர் பதில் பேசவில்லை. கப்பில் ஊற்றிக் கொடுத்தார், காசை வாங்கிக்கொண்டார். பெஞ்சு அமைதியானது. வேறொன்றும் நடக்கவில்லை. அந்தப் பெரியவர் அன்று அங்கே இல்லை.

அந்தக் கடையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு யார் சொன்னது என்று அந்தப் பெரியவரைத்தான் கேட்பார்கள். அவருக்குக் கூலி அதே ஊரிலிருந்துதான் வர வேண்டும். அதனால் ஒரு கடையை மட்டும் குறிவைக்காமல், மாவட்டம் முழுக்க டீக்கடைகளை முன்னறிவிப்பின்றிப் பார்வையிட வேண்டும் என்று திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்திருக்கிறோம். ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும் என்பது விதி. கூடுகிறதா, கூடி எந்தக் கடைக்குப் போனது என்று கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. கொடுமை நடந்தால் 14566 என்ற உதவி எண் இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் உங்கள் வட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். சைக்கிள் போதும். கண்மாயைப் பாருங்கள், கோயில் சிற்பத்தைப் பாருங்கள், இளநீர் குடியுங்கள். அப்படியே எந்த ஊரில் தார் எங்கே நிற்கிறது, பேருந்து எங்கே நிற்கிறது, எந்தக் கடையில் யாருக்கு எந்தக் குவளை என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

பக்கத்து வீட்டு அத்தை இப்போது எங்களிடம் கேட்கிறார்: “அடுத்த தடவ எங்க போறீங்க? என்னையும் கூட்டிட்டுப் போங்க.” அத்தைக்கு வயது அறுபது. இதுவரை எதையும் சும்மா போய்ப் பார்த்ததில்லை. கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறோம். அவருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ கிடைக்க வேண்டும், எந்தத் தெரு என்று சொன்ன பிறகும்.