கரியையும் கழுவ வேண்டும்!

காஞ்சிபுரம் சாயப்பட்டறைத் தோழரைக் கேட்டுப் பாருங்கள். கோராப் பட்டை அப்படியே சாயத்தில் தோய்ப்பாரா? மாட்டார். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் முதலில் பசையை எடுப்பார். எடை ஏறக்குறைய கால் பங்கு குறையும். ஆனாலும் அந்த வேலையை எந்த முதலாளியும் வீண் செலவு என்பதில்லை. பசை போகாத பட்டு விலை போகாது!

நிலக்கரிக்கும் இத்தகைய சலவை உண்டு. தறிக்கு மேல் எரியும் பல்புக்கும் ஆலை எந்திரத்துக்கும் வரும் மின்சாரத்தில் பெரும் பங்கு கரியிலிருந்தே வருகிறது. நமது நாட்டுக் கரியில் நூற்றுக்கு 30, 40 பங்கு சாம்பல். தண்ணீரில் அலசினால் கல்லும் மண்ணும் ஓரளவு நீங்கும். உள்ளே ஊறிக் கிடப்பதை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் காய்ச்சி, பிறகு அமிலத்தில் அலச வேண்டும். கந்தகத்திலும் ஒரு பகுதி போய்விடும். விஞ்ஞானிகள் இதைச் சோதனைச்சாலையில் செய்து காட்டிவிட்டார்கள்.

"செலவு அதிகம்" என்கிறார்கள். கழுவாமல் எரித்தால் செலவில்லையா? எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன்வளம் அழிந்ததே, அது யார் செலவு? மீனவர் வயிற்றிலும் குழந்தைகளின் நெஞ்சிலும் எழுதப்படும் கணக்கு அது.

தொலைதூரம் அனுப்பும் கரியில் சாம்பல் 34 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென 1997-ல் விதி வந்தது. 2020 மே மாதம் மத்திய சர்க்கார் அந்தக் கட்டாயத்தையும் நீக்கியது. யாருக்காக?

நம்மால் முடியாத காரியமல்ல இது. நெய்வேலிப் பொதுத்துறை 1960-களிலேயே பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கி, காற்றுப்படாமல் சூடேற்றி, புகையில்லாத 'லெக்கோ' கரியாக வீட்டு அடுப்புக்குத் தந்தது. அந்த ஆலை பின்னர் மூடப்பட்டது.

ஒன்றை மறக்கலாகாது. கரி கழுவிய காரத்தையும் அமிலத்தையும் ஆற்றில் விட்டால், காற்றின் நஞ்சு தண்ணீருக்கு மாறியதாகும், அவ்வளவே. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டை விவசாயத் தொழிலாளி அறிவார். கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டுமென்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கில் தீர்ப்பளித்தது.

எனவே நம் கோரிக்கை தெளிவானது: கரி கழுவும் கட்டாயம் திரும்ப வரவேண்டும். இரசாயனச் சலவை ஆராய்ச்சிக்குச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும். அங்கு வேலை செய்வோருக்குக் கையுறையும் முகமூடியும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். செலவை மின்கட்டணமாக ஏழை தலையில் கட்டக் கூடாது.

பட்டைக் கழுவத் தெரிந்த நாட்டுக்குக் கரியைக் கழுவத் தெரியாதா? தெரியும். கழுவ வைக்கும் வலிமை உழைப்பாளர் ஒற்றுமையில் இருக்கிறது!