பரம்பரை நோயும் பரிசோதனை வல்லுநரும்

ஆவுடையார்கோவிலின் கொடுங்கையைக் கண்டோர் அதனை மறவார். கருங்கல்லை மரச்சட்டம் போல் இழைத்து அமைத்த அவ்வேலைப்பாட்டை எண்ணியே, பழைய சிற்பிகள் திருப்பணி உடன்படிக்கை எழுதுங்கால் "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக" என்று வரைந்தனர் என்பது செவிவழிச் செய்தி. உளி எவர்க்கும் கிட்டும். கையோ ஆசானருகே பல்லாண்டு பயின்றாலன்றித் திருந்தாது. இவ்வுண்மை இக்காலத்து மருத்துவத் துறையொன்றிற்கும் பொருந்துமென்பதே யான் ஈண்டுக் கூற விழைவது.

சென்ற விடுமுறையில் எம்மூர்த் தாயொருத்தி, டவுன் நோய்க்குறி எனப்படும் பிறவிக் குறையுடைய தன் மகனை இடுப்பிலேந்தி வந்து, பரிசோதனைத் தாளொன்றை என்னிடம் நீட்டினாள். "தம்பி, அடுத்த பிள்ளையும் இப்படியேதான் பிறக்குமா? அதை இதில் எழுதியிருக்கிறார்களா?" என்றாள். இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டிற்கு மூன்றாக உள்ளது என்ற அளவில் அத்தாள் நின்றுவிட்டது. அவள் வினாவிற்கு அதில் விடையில்லை.

மனித உயிரணுவில் குரோமோசோம்கள் 46 என்பது 1956-இலும், இக்குறைக்கு மிகையான இருபத்தொன்றாம் குரோமோசோமே காரணம் என்பது 1959-இலும் வெளியாயின. இக்குறையுடையோருள் நூற்றில் ஏறக்குறைய 95 பேரிடம் அம்மிகை தனித்து நிற்கும். அங்ஙனமாயின் அடுத்த மகவுக்கும் அது நேர்வது அரிது. சிலரிடமோ அது வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அவ்வொட்டு, நோயேதுமின்றி வாழும் தாயிடமோ தந்தையிடமோ மறைந்திருந்து வந்ததாயின், மீண்டும் நேரும் வாய்ப்புப் பெரிதும் மிகும். ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது; அமைப்பையும் காண வேண்டும். உயிருள்ள இரத்த அணுக்களை ஏறக்குறைய மூன்று நாள் வளர்த்து, அவை பிளவுறும் வேளையில் நிறுத்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் இணையிணையாக ஒழுங்குபடுத்திப் பார்த்தல் வேண்டும். மகனிடம் ஒட்டு காணப்படின் பெற்றோரையும் சோதித்தல் வேண்டும். பயிற்சியுடைய ஒருவர் அத்தாளை எழுதியிருப்பாராயின், இவ்வறிவுரையை அதிலேயே சேர்த்திருப்பார் அன்றோ?

மரபணு எழுத்துகளைப் படிக்கும் பொறிகள் வந்தபின் பொறுப்பு இன்னும் பெருகிற்று. காணப்படும் மாறுதல்களை, நோய் தருவது முதல் தீங்கற்றது ஈறாக ஐவகையாகப் பிரித்துரைக்கும் முறை 2015-இல் வகுக்கப்பட்டது. அவற்றுள் நடுவணது பொருள் துணியப்படாதது. அதனை நோயென மயங்கியுரைத்தால் ஒரு திருமணம் நிற்கும். ஒரு கரு கலையும். மாமன் மகளை மணக்கும் வழக்கமுடைய நம் பக்கத்தில், கணவனும் மனைவியும் ஒரே மறைகுறையைத் தாங்கியிருத்தல் கூடும். அங்ஙனமாயின் ஒவ்வொரு மகவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கிலொன்று. இதனைப் பழியின்றி எடுத்துரைப்பதற்குப் பிழையற்ற அறிக்கையே முதற்றேவை.

அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றோரும் இத்துறை ஆய்வுக்கூடத்தில் ஈராண்டு பயின்று தேர்வெழுதுகின்றனர். பிரிட்டனில் ஆய்வுக்கூட அறிவியலாளர்க்கு மூவாண்டுப் பயிற்சியுண்டு. நம் நாட்டில் லக்னோவிலும், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவர்கள் இத்துறையில் உயர்பட்டம் பெறுகின்றனர். தாவர நூலும் விலங்கு நூலும் கற்ற பட்டதாரிகளும், உதவிச் சம்பளம் பெற்று, ஆசானருகே குறைந்தது மூவாண்டு பயின்று, அரசினர் மருத்துவமனைகளில் நிலையான பதவி பெறல் வேண்டும் என்பது என் துணிபு.

காய்ச்சலுக்கே மருத்துவர் போதாத நாட்டில் இஃது ஆடம்பரம் அன்றோ எனச் சிலர் வினவுவர். ஊருக்கொருவர் வேண்டுமென யான் கூறவில்லை. அறந்தாங்கியில் எடுத்த இரத்தம் அன்றே புதுக்கோட்டை சேரும். ஆங்கு 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. சில மாவட்டங்களுக்கு ஒருவராக வல்லுநர் அமைந்தாலும், எத்தனையோ தாய்மார் இருளினின்று விடுபடுவர். பொறியை ஓராண்டில் வாங்கலாம். ஆளை ஓராண்டில் ஆக்கவியலாது. ஆகலின் இன்றே தொடங்குதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களுள் இருவரேனும் இக்கல்வியை நாடுவீராக. சிற்பிகள் தம் எல்லையுணர்ந்து "நீங்கலாக" என்று எழுதியது அடக்கம். எல்லா நோய்க்கும் மருந்துண்டு, அத்தாயின் வினா நீங்கலாக என்று நம் மருத்துவமனைகள் எழுதுமாயின், அது நமக்கு இழுக்கே.