மீனைக் கண்டவர் யார்?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தென்முனையில் வளைந்து கிடக்கும் கீஸ் தீவுத்தொடரை ஒட்டிய ஆழமற்ற கடற்பரப்புகளில், வசந்த காலம் முதல் ஜூன் வரை டார்பன் மீன்கள் கூட்டம் கூட்டமாக வலசை போகின்றன. 45 கிலோவுக்கு மேல் எடையுள்ள மீன்களும் இடுப்பளவு நீரில் நீந்திச் செல்வதை அங்கே காணலாம். எலும்பு மிகுந்த அந்த மீனை உணவுக்காக நாடுவோர் அங்கு அரிது. ஆயினும் தூண்டிலில் ஒரு முறையாவது அதைப் பிடித்துவிட வேண்டும் என்று தொலைவிலிருந்து பலர் வருகிறார்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஒரு நாளுக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். வெறும் பொழுதுபோக்காகத் தோன்றும் அந்த நாள், அறிவு யாருடையது என்ற கேள்வியைக் கல்வியுலகத்தின் முன்னும் வைக்கிறது.

படகு சிறியது, அடிப்பாகம் தட்டையானது. மீன்கள் வரும் தடத்தை நெருங்கியதும் இயந்திரம் நிறுத்தப்படுகிறது. பின்புறத்தில் இயந்திரத்துக்கு மேலே அமைந்த மேடையில் வழிகாட்டி ஏறி நின்று, நீண்ட கழியைக் கடலடியில் ஊன்றிப் படகை ஓசையின்றித் தள்ளுகிறார். முன்புறத்தில் வந்தவர் தூண்டிலோடு நிற்கிறார். இருவரும் ஒரே வகைக் கண்ணாடி அணிந்திருக்கிறார்கள். ஒரே நீரைப் பார்க்கிறார்கள். ஆனால் மீன் ஒருவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. கடற்புல்லின் மேல் நகரும் நிழல், நீர்ப்பரப்பில் ஒரு சிறு நடுக்கம், காற்றை விழுங்க மேலெழும் மீனின் முதுகில் ஒரு கணம் மின்னும் வெள்ளி: இவற்றை மீன் என்று படிக்கப் பல ஆண்டுகள் தேவை. எந்த ஓதத்தில், எந்தக் காற்றில், எந்த மணல்திட்டின் ஓரமாக அவை வரும் என்பதும் அந்தப் படிப்பைச் சேர்ந்ததே.

கண்டதை வழிகாட்டி சொல்லாக்கித் தருகிறார். ‘11 மணி, 60 அடி, வலப்பக்கம் போகிறது.’ படகின் முனை 12 மணி. மற்றத் திசைகள் கடிகார முகத்தைப் பின்பற்றுகின்றன. ‘அதோ’ என்ற சுட்டு இங்கே பயன்படாது. சுட்டப்படும் பொருள் கேட்பவருக்குப் புலப்படாத இடத்தில் சுட்டுச்சொல் தோற்றுவிடுகிறது. அப்போதும் மீன் தெரியவில்லை என்றால், தூண்டில்கோலை நீட்டச் சொல்லி, ‘இன்னும் இடப்பக்கம், நிறுத்து, இப்போது வீசு’ என்று பிறர் கையையே தம் சுட்டுவிரலாக ஆக்கிக்கொள்கிறார். மீன் கவ்விய பிறகும் அவர் குரல் ஓய்வதில்லை. டார்பனின் வாய் கடினமானது; கோலை உயர்த்தாமல் நூலைக் கையால் இழுத்தே முள்ளைப் பதிக்க வேண்டும். அது நீரைவிட்டுத் துள்ளும்போது, நூல் அறாதிருக்க, அதை நோக்கிக் குனிந்து கோலை நீட்ட வேண்டும். ‘வெள்ளி அரசன்’ என்று பெயர் பெற்ற மீனுக்குச் செய்யும் வணக்கம் என்று அதைச் சொல்வார்கள்.

ஃபுளோரிடாவில் 2013 முதல் டார்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பதே பொது விதி. சாதனைப் பதிவுக்கெனத் தனி அனுமதிச்சீட்டு பெற்றவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனை நீரிலிருந்து வெளியே எடுக்கவும் கூடாது. ஆகவே மீன் கடலிலேயே நின்றுவிடுகிறது. கரைக்கு வருவது ஒரு நிழற்படமும் ஒரு வாக்கியமும்: ‘நான் பிடித்தேன்.’

அந்த எழுவாயை விதிகளும் காக்கின்றன. மீன் கவ்விய பின் வேறொருவர் கோலையோ நூலையோ தொட்டால், ஐ.ஜி.எஃப்.ஏ. எனப்படும் சர்வதேசச் சங்கம் அதைச் சாதனையாக ஏற்பதில்லை. தொடுதல் உதவியாகிறது, கண்டுசொல்லுதல் உதவியாவதில்லை. உழைப்பைக் கையால் மட்டுமே அளக்கும் ஓர் அளவுகோல் இது.

கூலிதான் கொடுத்தாயிற்றே என்று சிலர் கேட்கலாம். எதிர்க்காற்றில் 60 அடி தூரம் குறிபிசகாமல் வீசுவதும் எளிய திறமையன்று. இரண்டும் உண்மை. ஆனால் கூலி, நேரத்துக்கும் உழைப்புக்கும் தரப்படும் விலை. அறிவுக்கு உரியவர் யார் என்பதை அது தீர்மானிப்பதில்லை. கீஸ் தீவுகளின் முன்னோடி வழிகாட்டிகளுள் ஒருவரான ஜிம்மி ஆல்பிரைட்டின் பெயரை, இரு வேறு நூல்களை இணைக்கும் முடிச்சு ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது. கண்டுசொன்னவரைப் பெயரிட்டு நினைவில் வைக்க அந்த உலகத்துக்கும் தெரியும்.

மொழியியல் களப்பணிக்கு இந்தப் படகு அந்நியமானதன்று. நீலகிரியில் 1930களில் எமனோ தொகுத்த கோத்தர் கதைகளின் முதன்மைத் தகவலாளர் சுல்லி என்ற கோத்தர். அவர் பங்கு மறைக்கப்பட்ட செய்தியன்று. எனினும் நூலாசிரியராக நிற்பது எமனோவின் பெயர் மட்டுமே. அதற்கும் முன்பே, குவாக்கியூட்டில் கதைத்தொகுதியின் முகப்பில் ஃபிரான்ஸ் போவாஸின் பெயரோடு ஜார்ஜ் ஹண்டின் பெயரும் அச்சாகியிருந்தது. எனவே காலம் அப்படி என்ற சமாதானம் போதாது.

ஒரு சொல்லின் பொருள் எங்கே மாறுகிறது, ஒரு வாக்கியம் ஏன் ‘யாரும் சொல்லாதது’ என்பதைக் கண்டுசொல்பவர் தரவு மட்டும் தருவதில்லை. பகுப்பாய்வின் முதல் அடியையும் அவரே வைக்கிறார். அவர் விரும்பினால் அவர் பெயர் நன்றியுரையிலிருந்து முகப்புக்கு நகர வேண்டும். கேட்பவரை விலக்கி, உடனிருந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாங்கள்’ என்ற சொல் தமிழில் இருக்கிறது. படகிலிருந்து இறங்குபவருக்கும் களத்திலிருந்து திரும்புபவருக்கும் பொருந்தும் எழுவாய் அதுதான்.