மனைவியா, கைம்பெண்ணா?

கணவன் உயிரோடிருப்பின் மனைவி சுமங்கலி. அவன் இறப்பின் கைம்பெண். இவ்விரு நிலைகளையன்றி மூன்றாவதொன்றை நம் வழக்கம் அறிந்திலது. ஆயினும், 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்ற பின்னர், வன்னிப் பெருநிலப்பரப்பில் அந்த மூன்றாவது நிலையிலே வாழும் பெண்கள் பலராவர். அவர்தம் கணவன்மார் காணாமற் போனோர். உளரோ, இலரோ என்பதைச் சொல்வார் எவருமிலர். இத்தகைய பெண்ணைச் சட்டமும் அரசும் சமயமும் எங்ஙனம் நோக்குகின்றன என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலிற் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். வடபகுதித் தமிழரின் தேசவழமையை ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டிலே தொகுப்பித்தனர். சீதனத்தைப் பெண்ணின் உடைமையாக மதித்த பெருமை அதற்குண்டு. எனினும், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். காணாமற் போனவன் எங்ஙனம் கையொப்பமிடுவான்? அந்நிலையில் மாவட்ட நீதிமன்றம் சம்மதம் வழங்கலாமென அதே சட்டம் வழி வகுத்துள்ளது. ஆனால், அன்றாடக் கூலிக்கு வயலிலே களை பிடுங்கும் பெண்ணுக்கு வழக்கறிஞரும் தவணையும் எட்டாத் தொலைவிலுள்ளவை.

அடுத்தது அரசின் ஏற்பாடு. போர்க்காலத்திற் காணாமற் போய் ஓராண்டு கடந்தோரை இறந்தவராகப் பதிவு செய்ய, 2010 ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டமொன்று இடமளித்தது. மரணச் சான்றிதழ் கிடைப்பின் உதவிப்பணம், காணி, வங்கிக் கணக்கு முதலிய அலுவல்கள் எளிதாகும். ஆனால், கணவன் இறந்துவிட்டானென்று தான் நம்புவதாக மனைவியே எழுதிக் கொடுத்தல் வேண்டும். வறுமை ஒருபுறம் வருத்த, அவ்வொரு வரியை எழுத மறுத்த பெண்கள் எத்தனை பேர்! 2016 ஆம் ஆண்டிலே இச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைச் சான்றிதழ் ஏற்பட்டது. இறந்தானென்று கூறாமலே அரசின் உதவியைக் கோர அது வழி செய்கின்றது. மூன்றாவது நிலைக்குச் சட்டம் ஒரு பெயர் கண்டுவிட்டது. ஆயினும் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள், கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலிலே தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் மனைவியரும் கேட்டது சான்றிதழன்று, விடை.

இனிச் சமயத்துக்கு வருவோம். பொட்டு வைத்தால், "யாருக்காக இந்த அலங்காரம்?" என்கிறது ஊர். வையாவிட்டால், "கணவனைத் தானே சாகடித்துவிட்டாளே!" என்கிறது அதே ஊர். மகளின் திருமணத்திலே தாய் முன்னின்று ஆரத்தி எடுக்கலாமா என்று மண்டபத்திலே வழக்காடுகின்றனர்.

இதுதானா நம் சமயம்? பெண் மறுமணம் செய்தற்குரிய ஐந்து இடர்களைக் கூறும் பராசர ஸ்மிருதி, அவற்றுள் முதலாவதாக வைத்தது கணவன் காணாமற் போதலையே. இறப்பு அதன் பின்னரே வருகின்றது. இதனை ஆதாரமாகக் காட்டியே ஈசுவர சந்திர வித்தியாசாகரர் வாதாடினார். 1856 ஆம் ஆண்டில் இந்தியாவிலே கைம்பெண் மறுமணச் சட்டம் நிறைவேறியது. மறுமணம் செய்க என்று எப்பெண்ணையும் நாம் வற்புறுத்தவில்லை. நம் வழக்கம் காணாத மூன்றாவது நிலையை நம் நூல் கண்டிருந்தது என்பதே நாம் சுட்ட விரும்புவது.

நூல் வேண்டாம், நம் மண்ணையே பார்ப்போம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையிலே திரளும் மக்கள் யாரை வணங்குகின்றனர்? கணவனை அநீதியாற் பறிகொடுத்து, அரசவை சென்று நீதி கேட்ட கண்ணகியை அன்றோ? கோவிலிலே அவளைக் கும்பிட்டு வந்து, மணப்பந்தரிலே அவளையொத்த பெண்ணைப் பின்னே நிறுத்துவது எவ்வகை பக்தி?

நீதிமன்றமும் அரசும் செய்யவேண்டியவை இன்னும் பல. அவற்றுக்கு நாம் காத்திருக்க வேண்டியவராயினும், ஊர் வழக்கத்தை மாற்றுதற்கு எவருடைய கையொப்பமும் தேவையில்லை. கற்ற மாணவர் விண்ணப்பம் நிரப்பத் துணை செய்யலாம். குருக்கள்மார் மங்கல காரியங்களில் அத்தாயை முன்னே அழைக்கலாம். பொட்டிடுவதும் இடாதிருப்பதும் அவள் விருப்பம். விடை கிடைக்கும் வரை, அவளிடம் கேள்வி கேட்காதிருப்பதே நாம் செய்யத்தக்க முதல் அறம்.